கட்டிப்போட்டால் குட்டிபோடும்

செடிகொடிகளுக்குப் பெயரிடுவதில் நம் நாட்டுப் பொதுமக்கள் புலவர்க்குச் சிறிதும் பிற்பட்டவர் அல்லர். தொட்டவுடன் ஒடுங்குவதைத் தொட்டாற்சிணுங்கி என்றனர். அந்திப்போதில் மலர்வதை அந்திமல்லிகை என்றனர். ஒரு செடிக்கு மாத்திரம் ஒரு சொல் போதாதெனக் கண்டு, ஒரு வாக்கியத்தையே பெயராக வைத்துவிட்டனர். அதன் இலையொன்றைக் கிள்ளி, நூலிற் கட்டிச் சுவரோரம் தொங்கவிட்டால், மண்ணும் நீருமின்றி அவ்விலையின் விளிம்பிலேயே வேரும் தளிருமாகக் குறுங்கன்றுகள் தோன்றும். இவ்விநோதத்தைக் கண்டு 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்றனர். ரணகள்ளி என்பதும் இதற்கு வழங்கும் பெயரே. ரணத்தின்மேல் இதன் இலையை அனலில் வாட்டிக் கட்டும் வழக்கம்பற்றி அப்பெயர் வந்தது போலும். ஆயினும் இது கள்ளியினத்தைச் சேர்ந்தது அன்று. கிள்ளினால் பால் வடியாது.

மேனாட்டார் இட்ட பெயரும் இதே வியப்பினின்று பிறந்ததேயாம். 1805ஆம் ஆண்டில் சாலிஸ்பரி என்னும் ஆங்கிலத் தாவர நூலார் இதற்குப் 'பிரையோஃபில்லம்' எனப் பெயர் சூட்டினார். முளைக்கும் இலை என்பது அக்கிரேக்கச் சொற்றொடரின் பொருள். இக்காலத்தார் இதனைக் 'கலங்கோ பின்னேட்டா' என வழங்குவர். இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு என்பர். ஜெர்மானியப் பெரும்புலவராகிய கதே (1749–1832) இச்செடியிடத்து அளவிறந்த காதல் கொண்டிருந்தார். இதன் இலைகளையும் கன்றுகளையும் தம் நண்பர்க்கு அனுப்பி, வளர்த்துப் பார்க்குமாறு வேண்டுவார். அதுபற்றி அந்நாட்டில் இதற்குக் கதேயின் செடி என்றும் ஒரு பெயருண்டு.

இதனை அறியாதவர் பொருட்டு இதன் உருவத்தைச் சுருங்கக் கூறுவாம். மூன்று முதல் ஐந்தடி உயரம் வளரும். தண்டு உருண்டு, உள்ளே புழையுடையதாய், செந்நிறம் பாய்ந்திருக்கும். இலைகள் எதிரெதிரே இரண்டிரண்டாக அமையும். தடித்து, நீர் நிறைந்து, விளிம்பில் வளைந்த பற்களை உடையன. கீழிலைகள் தனித்தும் மேலிலைகள் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்தும் இருக்கும். பூக்களோ கீழ்நோக்கித் தொங்கும் மணிகள். காற்றடைத்த பை போன்ற புறவிதழ்க்குள்ளிருந்து சிவந்த குழல் நீண்டு தோன்றும். மொட்டுக்களை விரலால் நசுக்கிப் 'பட்' என்று வெடிக்கச் செய்வது சிறுவர்க்கு ஒரு விளையாட்டு.

நிற்க. திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடத்தைக் கடந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள சமயபுரத்திலும் அதனைச் சுற்றிய ஊர்களிலும் வீட்டுத் திண்ணையிலும் மாடிச் சுவரிலும் தொட்டிவைத்துச் செடி வளர்ப்போர் பலர். அவர்கட்கு ரணகள்ளியைப் போலத் தொல்லையற்ற செடி பிறிதொன்று இல்லை என்றே கூறலாம். அங்ஙனமிருந்தும், வாங்கி வைத்த சில மாதங்களில் அது அழுகிப் போயிற்று என்று வருந்துவோரும் பலர். அவ்வாறு மாண்ட செடிகளுள் தாகத்தால் மாண்டது அரிது. அன்பு மிகுதியால் நாடோறும் வார்த்த நீரே பெரும்பாலும் கூற்றாக முடிகின்றது. மல்லிகைக்கும் துளசிக்கும் ஊற்றும் கணக்கிலேயே இதற்கும் ஊற்றுகின்றனர். ஆனால் இச்செடியின் நாள் நம் துளசியின் நாள் அன்று. இஃது இரவில் உணவு தேடும் செடி. இவ்வொன்றை உணர்ந்தால் இதனை வளர்க்கும் முறை முழுவதும் தானே விளங்கும்.

இவ்வுண்மையின் முதற் குறிப்பை இந்தியாவில் வாழ்ந்த ஒருவரே எழுதிவைத்தார் என்பது நாம் அறிந்துகொள்ளத்தக்கது. பெஞ்சமின் ஹெய்னெ என்பார் ஜெர்மனியில் பிறந்து, மொரேவியக் கிறிஸ்தவ சபையின் ஊழியராய் 1792ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தவர். தாவர நூலில் அவர்க்கிருந்த பயிற்சி காரணமாகக் கிழக்கிந்தியக் கும்பினியார் அவரைத் தம் பணியில் அமர்த்திக்கொண்டனர். வடக்கே சாமர்லகோட்டைத் தோட்டத்திலும், பின்னர்ப் பெங்களூரிலும் அவர் பணிபுரிந்தார். 1819ஆம் ஆண்டில் சென்னையில் காலமானார். அவர் ரணகள்ளியின் இலையை ஒருநாளில் பல வேளைகளில் வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்தார். விடியற்காலையில் அது புளியாரைக் கீரைபோலப் புளித்தது. பொழுது ஏறஏறப் புளிப்புக் குறைந்தது. உச்சியில் சுவையே இல்லை. மாலையில் சற்றே கைத்தது. இதனை 1813ஆம் ஆண்டில் லாம்பர்ட் என்னும் தாவர நூல் வல்லார்க்கு ஒரு கடிதமாக வரைந்தார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1815ஆம் ஆண்டில் அஃது அச்சேறியது. அச்சில் மூன்றே பக்கம்.

ஒரே இலை காலையில் புளித்து மாலையில் கைப்பது ஏன்? இரவில் இலை பிராணவாயுவை ஏற்றுப் புளிப்பதாகவும், பகலொளி அதனை வெளியேற்றப் புளிப்பு நீங்குவதாகவும் ஹெய்னெ கருதினார். வாயுவின் பெயரில் அவர் தவறினாரேயன்றி நேரத்தின் கணக்கில் தவறவில்லை. அவர்க்கு முன்னரே, 1804ஆம் ஆண்டில், ஜெனீவா நகரத்து தெ சொசூர் என்பார் சப்பாத்திக்கள்ளி இருளிலும் கரியமிலவாயுவை உட்கொள்வதைக் கண்டு எழுதியிருந்தார். இவ்விரு குறிப்புக்களும் ஒன்றோடொன்று இணைந்து முழுப்பொருள் தரற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அம்முழுப்பொருள் இது. எல்லாச் செடிக்கும் இலையில் கண்ணுக்குப் புலனாகா நுண்ணிய வாய்கள் உண்டு. அவ்வாய்களின் வழியே கரியமிலவாயு உட்புகும். அவ்வழியே நீர் ஆவியாகி வெளியேறும். துளசியும் வேம்பும் பகலில் வாய் திறப்பன. வாயு கிடைக்கும், ஆனால் வெயிலில் நீர் பெரிதும் செலவாகும். வேர் அச்செலவை ஈடுசெய்துகொண்டே இருத்தல் வேண்டும். ரணகள்ளியோ வெயிலில் வாயை இறுக மூடிக்கொள்ளும். பொழுது சாய்ந்து காற்றுக் குளிர்ந்தபின் திறக்கும். அப்போது புகும் வாயுவை மாலிக் அமிலம் என்னும் புளிப்புப் பொருளாக மாற்றித் தன் உயிரணுக்களிலுள்ள நீர்ப்பைகளில் சேமித்து வைக்கும். மாங்காய்க்கும் ஆப்பிளுக்கும் புளிப்பூட்டும் அமிலங்களுள் அதுவும் ஒன்று. மறுநாள் விடிந்ததும் வாயை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாகப் பிரித்தெடுத்து, சூரியவொளியின் துணைகொண்டு உணவு சமைக்கும். அமிலம் செலவாகச் செலவாகப் புளிப்பும் நீங்கும். இரவில் கொள்முதல், பகலில் சமையல். கற்றாழை, அன்னாசி, சப்பாத்திக்கள்ளி முதலியனவும் இம்முறையின. வாசற்படியில் தலைகீழாகத் தொங்கும் கற்றாழை மாதக்கணக்கில் வாடாதிருப்பது திருஷ்டியைத் தான் வாங்கிக்கொள்வதால் அன்று. நீரை வெளிவிடாது வாயை மூடிக்கொண்டிருப்பதாலேயாம்.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். இத்தகைய செடிகள் இரவில் பிராணவாயு தருவன என்றும், ஆதலால் படுக்கையறையில் வைக்கத்தக்கன என்றும் கூறி விற்போர் இந்நாளில் மிகுதி. இரவில் இவை கரியமிலவாயுவை உட்கொள்வது மெய். பிராணவாயு வெளிப்படுவதோ ஒளியின் துணையால் பகலில் நிகழும் சமையலின்போதே. இரவில் இவையும் நம்மைப்போல் மூச்சுவிடுவனவே. அழகின் பொருட்டுப் படுக்கையறையில் வைப்போர் தாராளமாக வைக்கலாம். மருந்தென்று எண்ணி வைத்தல் வேண்டா.

ஹெய்னெ நாவால் அறிந்ததை நாம் நாவிற்படாமலே அறியலாம். இலையை உண்ணலாகாமைக்குரிய காரணம் பின்னர்க் கூறப்படும். சுண்ணாம்புநீர் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைக்கும் வீடுகளில் அறியாதார் இல்லை. புளிப்பு எஞ்சியிருக்கும்வரை அச்சிவப்புத் தோன்றாது. இதனைத் துணையாகக் கொள்க. ரணகள்ளியின் இலைகள் எதிரெதிரே இரட்டையாக இருப்பவை ஆதலால், ஓரிணையில் ஒன்றை விடியுமுன்னும் மற்றதை மாலை நான்கு அல்லது ஐந்து மணிக்கும் கிள்ளுக. ஒவ்வொன்றையும் ஒரே அளவு நீர்விட்டு நசுக்கித் துணியில் வடித்து, அச்சாற்றில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் இடுக. கலயத்தில் தெளிந்து நிற்கும் சுண்ணாம்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி வருக. எத்தனையாவது சொட்டில் சிவப்பு நிலைக்கின்றதென எண்ணுக. காலையிலையின் சாறு சிவக்க மாலையிலைக்கு வேண்டியதைவிட மிகப் பல சொட்டுக்கள் வேண்டும். சுண்ணாம்புநீர் கண்ணில் தெறிக்காதவாறு காத்துக்கொள்ள வேண்டும். மற்றபடி இரசாயனசாலை எதுவும் வேண்டுவதில்லை. விடுதி மாணவர் எவரும் ஒரு விடுமுறை நாளில் செய்து பார்க்கலாம்.

இனி வளர்க்கும் முறைக்கு வருவாம். பளபளப்பான பீங்கானினும் சுட்ட மண்தொட்டியே சிறந்தது. அதன் பக்கங்களும் நீரை உறிஞ்சி உலர்த்தும். அடியில் துளை கட்டாயம் வேண்டும். துளையில்லாத அழகிய கிண்ணத்தில் நடுதல் செடியைக் கிணற்றில் இறக்குவதை ஒக்கும். துளையின்மேல் மண் ஒழுகாதவாறு ஓர் ஓட்டாஞ்சில்லு போதும். நான்கு விரற்கடை உயரத்திற்கு ஜல்லி பரப்பினால் நீர் நன்கு வடியும் என்பது பலருடைய நம்பிக்கை. அது சரியன்று. நுண்ணிய மண்ணிலுள்ள நீர், அம்மண் முற்றும் நனைந்து நிரம்பினாலன்றிப் பருங்கல்லுக்குள் இறங்காது. ஜல்லியின் உயரத்திற்கு ஈரமே மேலே ஏறி வேரருகில் நிற்கும். தொட்டி முழுவதையும் நீர் வடியும் மண்ணால் நிரப்புதலே முறை. செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய சாணவெருவும் இலைமட்கும் சேர்ந்து அரைப்பங்கு என்பது நம் பக்கத்திற்குப் பொருந்தும் அளவு. ஆற்றுமணல் கிடைத்தல் அரிதாகிவிட்ட இந்நாளில் எம்-சாண்ட் என்னும் நொறுக்குமணலையும் பயன்படுத்தலாம். ஆனால் அதிலுள்ள கல்மாவு போகும்வரை இருமுறை அலசுதல் வேண்டும். வயலிலுள்ள களிமண்ணை மாத்திரம் ஒருபோதும் இடலாகாது.

ஒளி இதற்கு இன்றியமையாதது. கீழ்த்திசை நோக்கிய திண்ணையில் காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழுமாயின் அதற்குமேல் வேண்டுவதில்லை. அத்தகைய இடத்தில் இலையின் ஓரம் செம்மையுற்று அழகு தரும். மேல்வெயில் நேரே தாக்கினால் இலை வெந்து தழும்பேறும். இருண்ட கூடத்தில் வைத்தாலோ தண்டு நீண்டு மெலிந்து, வாயிலை நோக்கிச் சாய்ந்துவிடும்.

நீர் வார்க்கும் முறையில்தான் நம் ஊர்ப் பருவங்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேனாட்டுப் புத்தகங்கள் கோடையில் மிகுதியாகவும் குளிர்காலத்தில் குறைவாகவும் வார்க்கச் சொல்லும். பனிக்காலத்தில் செடி உறங்கும் நாடுகளுக்கு அது பொருந்தும். சமயபுரத்திற்கு அப்படியே பொருந்தாது. இரவில் வேலை செய்யும் செடிக்கு இரவின் குளிர்ச்சியே வேலைநேரம். மார்கழி, தை மாதங்களில் நம் பக்கத்து இரவுகள் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும். அப்போது அமிலச் சேமிப்பு நன்கு நிகழும், செடி செழிக்கும். மாசிக் கடை ஞாயிற்றில் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் தொடங்குகையில் வெயில் தலைகாட்டும். சித்திரைத் தேர் ஓடி முடிவதற்குள் கோடை முற்றிவிடும். அதன்பின் பகல் 40 டிகிரியை எட்டும். இரவும் 26 டிகிரிக்குக் கீழ் இறங்குதல் அரிது. அவ்வெப்ப இரவுகளில் அமிலச் சேமிப்புக் குன்றும். செடி ஏறத்தாழ வேலைநிறுத்தம் செய்கின்றது எனலாம். செடி வாடித் தோன்றுகின்றதே என்று இரக்கங்கொண்டு அக்காலத்தில் நாடோறும் நீர் வார்ப்பது, பசியற்றவன் வாயில் சோற்றைத் திணிப்பதாகும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் அழுகற்பூஞ்சை பெருகி, ஒரு வாரத்தில் அடித்தண்டைக் கரைத்துவிடும். கோடையில் நிழலுக்கு மாற்றி வைப்பதே இரக்கம்.

எத்தனை நாளுக்கொருமுறை என்று கேட்பார்க்கு நாட்கணக்கில் விடை கூற இயலாது. தொட்டியின் அளவும் காற்றின் வறட்சியும் வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆட்காட்டி விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் செலுத்திப் பார்க்க. ஈரம் தட்டினால் விட்டுவிடுக. முற்றும் உலர்ந்திருப்பின், காலையில், அடித்துளை வழியே வடியும்வரை நிறைய வார்த்துத் தட்டில் தங்கிய நீரைக் கொட்டிவிடுக. சிறிது சிறிதாகத் தெளித்தல் மேல்மண்ணை நனைத்து வேரைப் பட்டினியிடும். இலையும் பேசும். மெலிந்து சுருங்கி, மடித்தால் துவளுமாயின் தாகம். கீழிலைகள் மஞ்சளித்துக் கண்ணாடிபோல் ஒளிகசிந்து, தொட்டால் நீரொழுகுமாயின் மிகையான நீர். இவ்விரண்டாவது குறி கண்டால், அடி அழுகியது போக நுனித்தண்டை வெட்டி, இரண்டு நாள் நிழலில் காயவைத்துப் புதுமணலில் நடுவதே வழி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியை இறவாணத்தின் உட்புறம் வைக்க மறவாதீர்.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புமிக்க இடங்களில் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படியும். மழைநீர் கிடைக்கும்போது தொட்டியை ஒருமுறை நன்கு அலசிவிடுதல் நன்று. எறும்பு ஏறுகின்றதாயின் இலையிடுக்கில் மாவுப்பூச்சி உண்டென்று அறிக. சவர்க்கார நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும்.

பூவை விரும்புவோர் ஒன்று கவனிக்க. நெடும்பகல் கழிந்து இரவு நீளும் காலத்தை அறிந்தே இச்செடி மொட்டு வைக்கும். தெருவிளக்கோ கூடத்து மின்விளக்கோ இரவெல்லாம் விழும் இடத்தில் அதற்கு இருள் நீண்டது தெரியாது. கார்த்திகை முதல் இருண்ட மூலையில் இரவைக் கழிக்கவிட்டால், தை, மாசியளவில் மணிகள் தொங்கும். பூத்த தண்டு பெரும்பாலும் வாடிவிடும். அதனை அடியோடு வெட்டினால் பக்கத்தில் புதுத்தளிர் எழும்.

குட்டி போடவைக்கும் வகை யாவரும் அறிந்ததே. தொங்கவிடலாம், புத்தகத்துள் வைக்கலாம், ஈரமணலின்மேல் புதைக்காமல் கிடத்தினால் விரைவில் முளைக்கும். இலைப்பற்களின் இடுக்கில் முன்னரே முளைக்கருக்கள் உறங்கிக் கிடக்கின்றன. இலை தாயோடு இணைந்துள்ளவரை அவை பெரும்பாலும் எழுவதில்லை, பிரிந்ததும் எழுகின்றன. ஜாக்கஸ் லோப் என்னும் அறிஞர் அமெரிக்காவில் பல்லாண்டு இச்செடியை ஆராய்ந்து, ஓர் இலை ஈனும் தளிர்களின் மொத்த நிறை அவ்விலையின் நிறைக்கு ஒத்த விகிதத்திலேயே அமையும் எனக் கண்டார். பத்துக் கன்றாயினும் இரண்டாயினும் பங்கீடுதான் வேறு, முதல் ஒன்றே. ஆதலால் வலிய கன்று வேண்டுவோர் இரண்டொன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுக. இரண்டு இணை இலை விட்டபின் தாயிலையோடு சேர்த்தே நட்டு வைக்கலாம்.

இனி முற்கூறிய எச்சரிக்கை. இச்செடியில் இருதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் உள்ளன. ஆஸ்திரேலியாவில் இதனையும் இதன் இனத்தனவற்றையும் மேய்ந்த மாடுகள் இறந்ததுண்டு. தெருவில் மாடும் ஆடும் உலவும் ஊர்களில் தொட்டியை அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். சிறுநீரகக் கல்லுக்கு இதன் இலையை நாடோறும் வெறும் வயிற்றில் மெல்லுமாறு ஒருவர்க்கொருவர் சொல்லி வருவதை நம் பக்கத்தில் கேட்கலாம். ஹெய்னெ ஒரு துணுக்கைச் சுவைத்தது வேறு; பல நாள் தொடர்ந்து உண்பது வேறு. இருதய நோய்க்கு மருந்து உண்பவர் இதனைத் தொடவே கூடாது. ஏனையோரும் மருத்துவரைக் கேளாமல் உண்ணற்க.

கழித்த இலைகளைக் குப்பைமேட்டிலும் வாய்க்கால் கரையிலும் எறிதல் பிறிதொரு தீங்கு. கட்டிப்போட்டாலே குட்டி போடுவது, எறிந்தால் சும்மா இருக்குமா? ஹவாய், கலாபகஸ் முதலிய தீவுகளில் தோட்டத்து அழகுக்கென்று கொண்டுவந்த இச்செடி காடாகப் பரவி அவ்விடத்துச் செடிகளை நெருக்கி வருகின்றது. ஆகவே கழிவிலைகளைக் கொதிநீரில் முக்கியெடுத்து, அதன்பின் மூடிய எருக்குழியில் இடுக.